வாற சீசனின் இடது விங்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதவேண்டிய ஓர் இடத்தில் அவரே எழுதாமல் விட்ட பெயரை நான் எழுதுவது முறையில்லை. ஹரோவில் கார் ஓட்டப் பழக்கியவர் என்றால் அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்கு ஆள் யார் என்று பிடிபட்டுவிடும். மிச்சப் பாதிப்பேர் அருளப்பு அண்ணையிடம் பழகியவர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காரில் ஏறி சீற் பெல்ற் போட்டதும் மற்ற மாஸ்டர்மார் கண்ணாடியைச் சரிபார்க்கச் சொல்வார்களாம். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, எந்தக் கல்லூரி?" என்று கேட்டார்.

"நான் பெண்கள் பாடசாலை, அண்ணை."

"அது சரி. வீட்டிலை ஆம்பிளையள்?"

என் தமையன் படித்த கல்லூரியைச் சொன்னேன். மனிசனுக்கு முகம் நிறையச் சிரிப்பு. "அட, எங்கட கல்லூரி. இப்ப எங்கை இருக்கிறார்?"

"ரொறன்ரோவிலை."

சிரிப்பில் பாதி போய்விட்டது. "வயசு?"

"அம்பது."

மற்றப் பாதியும் போய்விட்டது. "சரி, உங்கட மனிசன்?"

என் கணவர் படித்தது பக்கத்துக் கல்லூரியில். யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அதைச் சொன்னதும் அவர் திரும்பி முன் கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை, கிளச்சை அமத்துங்கோ" என்றார்.

எங்கள் சனம் லண்டனுக்கு வந்து கோயில் கட்டியது, கடை போட்டது, அதோடு ஊரில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் இங்கே ஒரு பழைய மாணவர் சங்கமும் தொடங்கியது. வருடத்தில் ஒரு நாள் அந்தச் சங்கங்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். வயிறு வைத்த கணக்காளர்களும் பெற்றோல் செட் முதலாளிமாரும் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்களுக்கு அது ரோல்ஸும் கொத்து ரொட்டியும் தின்று கதைத்துவிட்டுப் போகும் ஒரு நாள். இவருக்கு மற்ற முந்நூற்றறுபத்துநாலு நாளும் அந்த நாளுக்காகத்தான் விடிந்தது.

அவரிடம் ஒரு விசித்திரம். நடந்து முடிந்த எந்த ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் பேசமாட்டார். எங்கள் ஆம்பிளைகள் இரண்டுபேர் கூடினால் "எங்கட காலத்திலை" என்று தொடங்கிவிடுவார்களே, அதை யாராவது தொடங்கினால் போதும், இவர் எழும்பிப்போய்க் கார்ச் சில்லுக்குக் காற்றுக் காணுமா, போதுமா என்று பார்ப்பார். காற்று எப்போதும் காணும். அவர் கதைத்தது எல்லாம் வரப்போகும் சீசனைப் பற்றித்தான். "வாற சீசன் பாருங்கோ" என்பார். அவருடைய வாயில் போன வருடம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஆள் பிடிப்பதுதான் அவருடைய உண்மையான தொழில் என்று எனக்கு இரண்டாம் பாடத்திலேயே விளங்கிவிட்டது. கார் ஓட்டப் பழக்குவது அதற்கு ஒரு சாட்டு. பழக வருகிற பெடியன்களின் இடக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கிளச்சை மெல்ல விடும்போது கார் இழுக்கத் தொடங்குகிற ஒரு நூல் இடம் இருக்கிறதல்லவா, அதைப் 'பைற்' என்பார்கள். "காருக்குப் பைற் தெரிஞ்ச காலுக்குப் பந்துக்கும் பைற் தெரியும்" என்பது அவருடைய சித்தாந்தம். ஓட்டோமற்றிக் கார் என்றால் அவருக்கு ஆகாது. அதில் இடக்காலுக்கு வேலை இல்லை. "இந்த ஓட்டோமற்றிக்காலை எங்கட பிள்ளையளின்ரை இடது பக்கமே செத்துப்போச்சு" என்று உண்மையான துக்கத்தோடு சொல்வார்.

என் கஷ்டகாலம், என் இடக்கால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் ஒரு மேட்டில் காரை நிறுத்தி, பின்னுக்கு ஓர் அங்குலம் உருளாமல் எடுத்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கவேண்டாம். இந்தக் கால் ஒரு ஆம்பிளைக்கு வாய்ச்சிருந்தால் எங்கட இடது விங் பிரச்சினை தீர்ந்துபோயிருக்கும்."

"அண்ணை, எனக்குப் பின்னாலை லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும். உங்களுக்கு ஆம்பிளைப்பிள்ளையள்?"

"ரெண்டும் பெட்டையள்."

அவர் பெருமூச்சு விட்டார். லொறிக்காரன் சுற்றிக்கொண்டு போனான்.

ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது அங்கேயும் நின்றார். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட, இவர் வடம் இழுக்கிறவர்களின் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் உயர்ந்த பெடியனிடம் போய்க் காதில் ஏதோ கேட்டார். பெடியன் வடத்தை விட்டுவிட்டு யோசித்தான். தேர் ஒருக்கால் நின்று போனது.

இப்போது அருளப்பு அண்ணை. அவரும் கார் பழக்குகிறவர்தான். மதிலுக்கு மற்றப் பக்கத்துக் கல்லூரி, அதாவது என் கணவரின் கல்லூரி. காரின் கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கும். பழகுகிற நாங்கள் பரீட்சகரோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடப்போக, இவர்கள் இரண்டுபேரும் டெஸ்ட் நிலையத்தின் கார்ப்பார்க்கில் நின்று வாற சீசனைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். இதில் பகிடி என்னவென்றால், இரண்டு கல்லூரியும் லண்டன் போட்டியில் எப்போதும் கடைசிக்கும் கடைசிக்கு முதலாவதுக்கும்தான் வரும். கிண்ணத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. எது கடைசி என்பதுதான் வழக்கு.

"கோல் காக்கிற உம்மட கோலிக்கு முழங்கால் ஒப்பரேசன் எண்டு கேள்வி" என்பார் அருளப்பு அண்ணை.

"ஓம். அதாலை வாற சீசன் அவன் கோலை விட்டு அசையான். இவ்வளவு நாளும் முன்னுக்கு ஓடிவந்துதானே வாங்கிக் கட்டினவன்."

"சென்ரர் போர்வேர்டுக்கு மூண்டாவது பிள்ளையாம்?"

"நல்லதுதானே. நித்திரை இராது. நித்திரை இல்லாதவனுக்குக் கோவம் வரும். கோவம் வந்தால் அடிப்பான்."

"எங்கட பக்கம் ஒரு பிசியோ பெடியன் வாறான்."

"அவன் விழுந்தவையைத் தூக்கத்தான் சரி. உங்களுக்கு அது தேவைதான்."

இப்படி மணிக்கணக்காகப் போகும். வாயால் சொல்லி முடியாதபோது இவர் கார்களைக் காட்டுவார். அந்த நீலக் கார் சென்ரர் பாக், இந்த வெள்ளை வான் கோலி, என்று. பிறகு ஆசை கூடி, பாடத்துக்கு வருகிற எங்களைக் கொண்டே அணியை நிறுத்தத் தொடங்கினார். கார்ப்பார்க்கின் இடது ஓரத்தில் என்னை ரிவேர்ஸில் விடச் சொல்வார். "கோட்டோடை, கோட்டோடை. விங் எண்டால் கோட்டிலைதான் நிக்கவேணும் தங்கச்சி. உள்ளுக்கு வந்தால் கூட்டமாப்போடும்." நானும் சில்லைக் கோட்டில் ஏற்றி நிறுத்துவேன். அவர் இறங்கி, தூரத்தில் போய் நின்று, தலையை ஆட்டி ரசிப்பார்.

முதல் டெஸ்டில் நான் பயத்தில் கோட்டை விட்டேன், அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டாவதில் பரீட்சகர் விரும்பிய இடத்தில் ரிவேர்ஸில் நிறுத்தச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் இடது ஓரம் போய் அச்சொட்டாகக் கோட்டின்மேல் நிறுத்திவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அந்தாளைப் பார்த்தேன். அந்தாள் பேப்பரில் ஏதோ கீறினார். மூன்றாவது இன்னும் மோசம். பாட நேரத்தில் பஸ் தரிப்பில் உயரமான தமிழ்ப் பெடியன்கள் நின்றால் இவர் என்னைக் காரை மெதுவாக்கச் சொல்லி, ஜன்னலை இறக்கி, "தம்பி, அப்பா எந்தக் கல்லூரி?" என்று கேட்பார். டெஸ்ட் அன்று பஸ் தரிப்பில் இரண்டு உயரமான பெடியன்கள் நின்றார்கள். என் கால் தன்பாட்டுக்குப் பிரேக்கை அமத்திவிட்டது. ஏன் நிறுத்தினாய் என்று பரீட்சகர் கேட்டார். அந்த விஷயத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

முதல் இரண்டு முறையும் கார்ப்பார்க்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "அது போன சீசன், தங்கச்சி."

மூன்றாம் முறை எனக்கு விசர் வந்துவிட்டது. நான் செய்வது கெயார் வேலை. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். ஏழு வருடமாக பஸ்ஸிலும் நடையிலும் செய்தேன். அந்த வருடம் கம்பனி நடந்து போகிற சுற்றுகளை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. ஓகஸ்ட் முடிவதற்குள் லைசன்ஸ் காட்டாதவர்களுக்கு செப்டெம்பரில் இருந்து ஷிப்ட் இல்லை. வீட்டில் என் கணவர், "நான் அப்பவே சொன்னனான், அருளப்பு அண்ணையிட்டைப் போம் எண்டு. அந்தக் கல்லூரிக்காரர் எதைத்தான் வெண்டவை?" என்று பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொல்கிறார். எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"அண்ணை, உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இந்த வேலை போனால் போனதுதான். எனக்கு வாற சீசன் இல்லை."

அவர் காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். அருளப்பு அண்ணை மெல்லத் தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த பாடத்துக்கு வந்தபோது அவருடைய கன்னம் வீங்கியிருந்தது. பல்லுக்கொதியோ என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார். பெரிய டொபி மிட்டாய் ஒன்று. "இது வாய்க்குள்ளை கிடந்தால் நான் அந்தக் கதை கதைக்கேலாது" என்று கொழகொழத்தார். அதன் பிறகு ஒவ்வொரு பாடமும் டொபியோடுதான். பஸ் தரிப்பில் உயரமான பெடியன் நின்றால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய கை கதவின் பிடியை இறுக்கிப் பிடிப்பதை மட்டும் நான் ஓரக்கண்ணால் காண்பேன். இவ்வளவு நல்லாகப் பழக்கத் தெரிந்த மனிசன் இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தார் என்று எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவருடைய பக்கத்திலும் நெருப்புப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். போன வருடம் அவருடைய கல்லூரி பத்துப் பேரோடுதான் களத்தில் இறங்கியது. இரண்டு வருடம் தொடர்ந்து பதினொரு பேர் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்பது விதி. ஆகவே இந்த முறை பதினொரு பேர் நின்றே ஆகவேண்டும். தோற்றால் பரவாயில்லை, ஆள் குறையக்கூடாது. பாடக் கார்டின் பின்பக்கத்தில் அவர் எழுதி எழுதி வெட்டுகிற பட்டியல்களை நான் கண்டிருக்கிறேன். கடைசியாக ஒரு பல் வைத்தியப் பெடியன் அகப்பட்டு, பதினொன்று சரியாக நிறைந்திருந்தது.

யாரோ விட்ட இடத்தில் எனக்கு ஒரு டெஸ்ட் திகதி கிடைத்தது. ஓகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை காலை. திகதியைப் போனில் காட்டினேன். அவர் டொபியை அப்படியே விழுங்கிவிட்டார். அன்றைக்குத்தான் போட்டி.

"அண்ணை, நான் வேறை ஆரிட்டையும் கார் கேட்டுப் பாக்கிறன்."

"என்ரை காரிலை பழகினனீங்கள். என்ரை காரிலைதான் போறியள்" என்றார்.

அன்று காலை அவர் வெள்ளைச் சேர்ட் போட்டு, விபூதி பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறவரைப்போல வந்தார். கார்ப்பார்க்கில் அருளப்பு அண்ணை இல்லை. அவர் நேரத்தோடே மைதானத்துக்குப் போய்விட்டார், பிள்ளைகளோடு என் கணவரும்தான். இவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை எடுத்து, "ம்" என்று கேட்டுவிட்டு வைத்தார். பிறகு அதை டாஷ்போர்ட் அறைக்குள் போட்டு மூடினார். "ஒண்டும் யோசியாதேங்கோ. கோட்டுக்குள்ளை நிப்பாட்டுங்கோ. ஆர் நிண்டாலும் நிப்பாட்டாதேங்கோ."

நான் கோட்டுக்குள் நிறுத்தினேன். பஸ் தரிப்பில் ஆள் நின்றதா என்றுகூடத் தெரியாது. பரீட்சகர் பாஸ் என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஓடிவந்து கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சுற்றிக்கொண்டு போய் மற்றப் பக்கச் சீற்றில் இருந்தார்.

"அப்ப நீங்களே ஓட்டுங்கோ, கிறவுண்டுக்கு. பல்லுக்காரப் பெடியன் வரேல்லையாம். விடியவே சொல்லிப்போட்டான்."

"விடியவே தெரியுமோ? அப்ப ஏன் இஞ்சை நிண்டனீங்கள்? அங்கை போயிருந்தால் ஆரையும் பிடிச்சிருக்கலாமே."

"உங்களுக்கு வாற சீசன் இல்லை எண்டு சொன்னனீங்கள்" என்றார்.

நான் கியரைப் போட்டுக் காரை எடுத்தேன்.

மைதானத்தில் ஐஸ்கிரீம் வான், கொத்துக் கூடாரம், ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. முதல் ஆட்டமே மதிலுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும்தான். இவருடைய பக்கத்துப் பத்துப் பேரும் புல்லில் இருந்தார்கள். பதிவு மேசையை மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எனக்கு நேரான யோசனை ஒன்று வந்தது.

"அண்ணை, நீங்களே இறங்குங்கோவன். அம்பத்தாறு வயசெல்லாம் ஒரு வயசோ? சும்மா நிண்டால் போதும்தானே."

"கல்லூரி குடுத்த விடுகைப் பத்திரம் காட்டவேணும்."

"இடம்பெயர்வுக்குள்ளை துலைஞ்சுபோச்சோ?"

அவர் கார்ச் சில்லைப் பார்த்தார். காற்றுக் காணுமா என்று பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"நான் அங்கை படிக்கேல்லை, தங்கச்சி" என்றார். "ஆறாம் வகுப்புக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனவர். இடமில்லை, வாற தவணைக்கு வாரும் எண்டு அதிபர் சொன்னவர். வாற தவணைக்கு நாங்கள் ஊரிலை இல்லை. வன்னியிலை காணி எண்டு அப்பா கூட்டிக்கொண்டு போட்டார், பிறகு இந்தியா, பிறகு இஞ்சை. ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

அந்த மனிசன் "எங்கட காலத்திலை" என்ற கதைக்கு ஏன் எழும்பிப் போவார் என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்கு அங்கே ஒரு காலம் இருந்ததே இல்லை. அழலாம்போல இருந்தது. ஆனால் மேசையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் போனை எடுத்து ரொறன்ரோவுக்கு அடித்தேன். அங்கே விடியற்காலை.

"ஆர் செத்தது?" என்றார் என் தமையன்.

"ஒருத்தரும் சாகேல்லை. அண்ணா, உங்கட விடுகைப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ. கெதியா."

"என்னத்துக்கு?"

"நான் உங்கட கல்லூரிக்கு விளையாடப்போறன்."

அங்கே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "மச்சான் பக்கத்திலை நிண்டால் அவரிட்டைப் போனைக் குடு" என்றார். குடுக்கவில்லை. ஆனால் படம் வந்தது. இந்தக் காகிதங்களைத்தானே எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட்டுக்கும் மேலாக வைத்திருக்கிறார்கள்.

விதியில் 'பழைய மாணவர் அல்லது அவரின் நேரடி இரத்த உறவினர்' என்றுதான் இருந்தது. மகன்மாரைக் கொண்டுவருவதற்காக இவரே இரண்டு வருடத்துக்கு முன் சண்டை பிடித்துப் போடுவித்த வரி. மேசையில் இருந்த செயலாளர் போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பொம்பிளையை எப்பிடி இறக்கிறது?"

இவ்வளவு நாளும் வாய் ஓயாமல் கதைத்த மனிசன், அந்த நேரம் பார்த்து டொபி இல்லாமலே ஊமையாகிவிட்டார். பின்னால் இருந்து அருளப்பு அண்ணையின் குரல் வந்தது.

"விதியிலை ஆம்பிளை எண்டு எங்கை கிடக்கு? வாசியும் பாப்பம்."

செயலாளர் வாசித்தார். இல்லை. "அருளப்பு, உமக்கு விளங்குதோ? இவையளுக்கு ஆள் குறைஞ்சால் உங்கட ஆக்களுக்கு விளையாடாமலே வெற்றி."

"அந்த வெற்றியை வைச்சு நான் என்ன செய்யிறது? இவரை வெட்டிப்போட்டு வருசம் முழுக்கக் கார்ப்பார்க்கிலை நான் ஆரோடை கதைக்கிறது? கையெழுத்தை வையும்."

பல் வைத்தியனுக்கென்று தைத்த ஜேர்சி என் முழங்காலுக்கு வந்தது. நான் இடது கோட்டில் போய் நின்றேன். எனக்கு முன்னால், மற்ற அணியின் வலது பாக், வாயில் பாதி ரோல்ஸோடு என் கணவர்.

"இஞ்சை என்ன செய்யிறீர்?" என்றார்.

"விங்கிலை நிக்கிறன்."

"பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குதுகள்."

"பாக்கட்டும். ரோல்ஸை முழுங்குங்கோ, விசில் ஊதப்போறான்."

நாலுக்குப் பூச்சியம் தோற்றோம். அதில் ஒன்று எங்கள் கோலி தானே தன் கோலுக்குள் போட்டது. முழங்கால் ஒப்பரேசன் பற்றிய ஆய்வு பிழைத்துவிட்டது. என்னிடம் பந்து ஒரேயொரு முறை வந்தது. நல்ல வேகமாக வந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இடக்காலைத் தூக்கி மெல்ல அமத்தினேன். பந்து அப்படியே நின்றது. என் கணவர், "விடும், விடும், நான் எடுக்கிறன்" என்று வீட்டில் சாமான் பையை வாங்க வருகிறவரைப்போல ஓடிவந்தார். காலை ஒரு நூல் விட்டேன். பந்து ஒரு நூல் அசைந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய்க் கொடியோடு விழுந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு மனிசன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "பைற், பைற், பாத்தியளோ பைற்" என்று கத்திக்கொண்டு ஓடினார். பந்தை அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. அது தன்பாட்டுக்கு வெளியே உருண்டு போனது.

ஆட்டம் முடிந்து அணித்தாளில் கையெழுத்து வைக்கப் போனோம். பதினொரு பெயர் ஒழுங்காக இருந்தது. கீழே 'முகாமையாளர்' என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பழைய வருடத்துத் தாள்களும் அதே கோப்பில் இருந்தன, தட்டிப் பார்த்தேன். எல்லா வருடமும் அந்த இடம் வெறுமைதான். நான் பேனையை நீட்டினேன்.

"இதிலை உங்கட பேரை எழுதுங்கோ, அண்ணை. இதுக்கு ஒருத்தரும் பத்திரம் கேக்கமாட்டினம்."

அவர் பேனையை வாங்கினார். தாளைப் பார்த்தார். மூடியைப் போட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"வாற சீசன் எழுதுவம்" என்றார்.

அன்று பின்னேரம் வீட்டில் என் கணவர் இடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "அதுசரி, லைசன்ஸ் கிடைச்சதோ?" என்று கேட்டார். நான் எழும்பிப்போய் வீட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு பெற்றோல் அடிக்கப் போனேன். செப்டெம்பர் முதலாம் கிழமையில் இருந்து எனக்குக் கார்ச் சுற்று.

என் மாஸ்டர் வாற சீசனைக் காணவில்லை. மாசி மாதத்தில், ஒரு பெடியனுக்குப் பாடம் கொடுத்துவிட்டு வந்து இருந்தவர், எழும்பவில்லை. செத்தவீட்டில் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் பெரிய மலர்வளையம் வைத்தது. 'எமது கல்லூரியின் மைந்தன்' என்று எழுதியிருந்தார்கள். நான் அருளப்பு அண்ணையைப் பார்த்தேன். அவர் செபமாலையை உருட்டியபடி, "எனக்கு எப்பவோ தெரியும் பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். "மதிலுக்கு அங்காலை படிச்ச ஒருத்தனுக்கும் அவரைச் சின்னனிலை தெரியாது. அதுக்கென்ன. அங்கை படிச்சவையிலை ஆர் அவரளவுக்கு அந்தக் கல்லூரிக்கு உழைச்சவை?"

இரண்டு வீட்டுக்கு நடுவில் எனக்கு அரைமணி இடைவெளி கிடைக்கும். போன கிழமை டெஸ்ட் நிலையத்துப் பக்கமாகப் போனபோது கார்ப்பார்க்குக்குள் திருப்பினேன். அருளப்பு அண்ணை கார்ப்பார்க் மதிலில் சாய்ந்துகொண்டு தனியே நின்றார். அவரிடம் பழகும் ஆள் அவருடைய காரில் டெஸ்டுக்குப் போயிருந்தது. எதிரில் ஒருவரும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை. இடது ஓரத்தில் ரிவேர்ஸ் எடுத்து, சில்லைக் கோட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினேன்.

அவர் என் காரையும் கோட்டையும் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உங்கட கோலி விட்டிட்டுப் போறானாம், உண்மையோ?" என்றார்.

"போகட்டும். அவன் இல்லாட்டி எங்களுக்கு ஒரு கோல் குறையும்."

"அது சரி. வாற சீசன் இடது விங்குக்கு ஆரை வைச்சிருக்கிறியள்?"

"நான்தான்" என்றேன்.